புராஸ்டேட்டில் இரண்டாவது முறை கரண்ட் வைத்த பிறகு: நோயாளிக்கும் வீட்டாருக்கும் முழுமையான வழிகாட்டி

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஒருமுறை கதிர்வீச்சு (நம் பேச்சில் "கரண்ட்") கொடுத்து, சில வருடம் நிம்மதியாக ஓடி, பிறகு நோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. மெல்ல ஏறத் தொடங்குகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "அதே இடத்தில் திரும்ப வந்திருக்கிறது, இன்னொரு முறை ரேடியேஷன் கொடுக்கலாம்" என்கிறார். இந்த இடத்தில் நிற்கும் குடும்பங்களுக்காக, குறிப்பாக மும்பையில் இருக்கும் நம்மவர்களுக்காக, இதை எழுதுகிறேன். தாராவி, சயான் கோலிவாடா, மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவ்லி என்று எங்கிருந்து கிளம்பினாலும் பலருக்கும் கடைசியில் பரேல் டாடா ஆஸ்பத்திரி வாசல்தான். அங்கே இந்தியில் கேட்பார்கள், மராட்டியில் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் சரளம்.

பி.எஸ்.ஏ. இறங்கியதும் எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். அந்த மனுஷன் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார், வெளியே போகவே ஏன் யோசிக்கிறார், மலம் கழிக்கும்போது ரத்தம் வந்ததை ஏன் சொல்லாமல் விட்டார் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. இந்த வழிகாட்டி வற்புறுத்துவது ஒன்றுதான்: சிகிச்சை தொடங்கும் முன்பே அவருடைய அன்றாட வாழ்க்கையை அளந்து எழுதி வையுங்கள். முடிந்த பிறகும் வருடக்கணக்கில் அளந்துகொண்டே இருங்கள். இரண்டாவது கதிர்வீச்சின் தொல்லைகளில் பல தாமதமாக வருபவை. ஆறு மாதம் நன்றாக இருந்தவருக்கு இரண்டாம் வருடம் பிரச்சினை ஆரம்பிக்கலாம்.

ஒரு தெளிவு. முதலில் ஆபரேஷன் செய்து புராஸ்டேட்டை எடுத்துவிட்டு, நோய் திரும்பிய பின் முதல்முறையாக ரேடியேஷன் எடுப்பவர்கள் வேறு வகை. இங்கே பேசுவது, ஏற்கெனவே கரண்ட் வைத்த அதே புராஸ்டேட்டுக்கு மறுபடியும் கரண்ட் வைப்பதைப் பற்றி.

படி 1: பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள்

முதல் சிகிச்சை அடையாறிலோ வேலூரிலோ மதுரையிலோ நடந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் காகிதம் மட்டும் போதாது. மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை சிட்டிங், எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கம் வேண்டும். முடிந்தால் கம்ப்யூட்டரில் போட்ட முழுத் திட்டத்தையும் சிடியில் கேட்டு வாங்குங்கள். மலக்குடலின் முன்சுவரும் சிறுநீர்ப்பையின் அடிப்பகுதியும் ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கின்றன என்று தெரிந்தால்தான், இப்போது எவ்வளவு கொடுக்கலாம் என்று டாக்டரும் கணக்குப் போடும் பிசிக்ஸ் நிபுணரும் முடிவு செய்ய முடியும். ஊருக்கு யாராவது போனால் அவர்களிடம் சொல்லியாவது இதை வாங்கி வரச் செய்யுங்கள்.

படி 2: இது தேவையா என்று தயங்காமல் கேளுங்கள்

கதிர்வீச்சுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 2 நானோகிராம் ஏறினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. அதற்கு மேல் எம்.ஆர்.ஐ., புராஸ்டேட் புற்றுநோய் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன், பெரும்பாலும் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி என்று மூன்றும் பார்த்து, நோய் புராஸ்டேட்டுக்குள்ளேயே நிற்கிறதா, எலும்புக்கோ நிணநீர் முடிச்சுக்கோ போயிருக்கிறதா என்று உறுதி செய்வார்கள். வெளியே போயிருந்தால் புராஸ்டேட்டுக்கு மட்டும் மறுபடி கரண்ட் வைப்பதில் பலன் குறைவு.

உள்ளேயே இருந்தால் பல வழிகள் உண்டு. வெளியிலிருந்து குறிபார்த்து ஐந்தாறு சிட்டிங்கில் முடிக்கும் எஸ்.பி.ஆர்.டி., ஊசி வழியாக உள்ளே கதிர் கொடுக்கும் பிரேக்கிதெரபி, ஆபரேஷன், உறைய வைக்கும் கிரையோ, ஒலி அலையால் சுடும் ஹைஃபு. 2021-ல் வெளியான ஓர் அலசல் 150 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் எந்த வழியிலும் ஏறக்குறைய 50 முதல் 60 சதவீதம். ஆனால் கடுமையான சிறுநீர்ப் பிரச்சினை ஆபரேஷனிலும் ஹைஃபுவிலும் 20 சதவீதத்தைத் தாண்டியது. மறு கதிர்வீச்சில் அது 10 சதவீதத்துக்குள் நின்றது. நோயைக் கட்டுப்படுத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, எந்தத் தொல்லையோடு வாழ முடியும் என்பதை வைத்து முடிவெடுப்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். இன்னொரு வழியும் இருக்கிறது. வயது 80-ஐத் தாண்டி, பி.எஸ்.ஏ. மெதுவாக மட்டுமே ஏறி, இதய நோயும் இருந்தால், எதுவும் செய்யாமல் கவனித்து வருவது. "சும்மா விட்டுட்டாங்க" என்று ஊர் பேசும் என்பதற்காக யாரும் சிகிச்சைக்குள் போகக் கூடாது.

படி 3: சிகிச்சைக்கு முன் ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம். எப்படி நடக்கிறது பாருங்கள். ஓ.பி.டி.யில் மருமகள் கேஸ் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்: "மாமா, நைட்டு எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்கன்னு டாக்டர் கேக்குறாரு." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு மூணு தடவைம்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறார். அதே மனிதரிடம் பேனாவும் நோட்டும் கொடுத்து ஒரு வாரம் குறித்து வரச் சொன்னால் ஏழு கோடுகள் இருக்கும். மருமகள் முன்னால் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். பக்கத்துத் தெரு அண்ணாச்சியோ, மகனோ, மச்சானோ, ஒரு ஆண் துணை கூடப் போனால் பாதிப் பிரச்சினை தீரும். யாருமே இல்லையென்றால் எழுதிய காகிதத்தை நேராக டாக்டர் கையில் கொடுத்துவிடலாம்.

நோட்டில் எழுத வேண்டியவை இவை. பகலில் எத்தனை தடவை சிறுநீர் போனார், இரவில் எத்தனை. முக்கிப் போக வேண்டியிருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, போன பின்னும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறதா. அவசரமாக வந்து அடக்க முடியாமல் போகிறதா. துணி நனைகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை பேட். மலம் எத்தனை தடவை, சளியோ ரத்தமோ உண்டா. தாம்பத்தியம் எப்படி இருக்கிறது. சோர்வு, தூக்கம், மனநிலை.

ஆஸ்பத்திரியில் இதற்கென்றே கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஐ.பி.எஸ்.எஸ். என்பது சிறுநீர் பற்றிய ஏழு கேள்வி, மொத்தம் 35 மதிப்பெண்: 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-ம் அதற்கு மேலும் கடுமை. எபிக்-26 என்பது சிறுநீர்க் கசிவு, சிறுநீர் எரிச்சல் மற்றும் அடைப்பு, மலக்குடல், தாம்பத்தியம், ஹார்மோன் விளைவு என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேட்கும். "ஐ.பி.எஸ்.எஸ். போட்டுப் பார்க்கலாமா சார்?" என்று நீங்களே கேளுங்கள். ஆரம்பத்திலேயே 20-க்கு மேல் இருப்பவருக்கு மறு கதிர்வீச்சுக்குப் பின் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அது தெரிந்தால் டாக்டரின் திட்டமே மாறலாம்.

படி 4: முதல் மூன்று மாதம்

தீப்பட்டு ஆறிய தோலில் மறுபடி சூடு பட்டது போலத்தான் உள்ளே இருக்கும் சதையின் நிலை. முதல் சில வாரங்களில் நீர்க்கடுப்பு, அடிக்கடி போவது, மெல்லிய தாரை, லேசாக இளகிய மலம், சோர்வு எல்லாம் வரலாம். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும்.

சிறுநீர்ப் பாதையைத் தளர்த்த டாம்சுலோசின் எழுதிக் கொடுப்பார்கள். இரவில் சாப்பிட்டு, படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தாராவி மாதிரி இடங்களில் ஒற்றை அறைக்கு மேல் பரண் போட்டு, செங்குத்தான இரும்பு ஏணி வைத்து, பெரியவரை மேலே படுக்க வைத்திருப்பார்கள். ராத்திரி ஐந்து தடவை அந்த ஏணியில் இறங்குகிறவருக்கு இந்த மாத்திரையும் சேர்ந்தால் இடுப்பெலும்பு முறிய அதிக நேரம் ஆகாது. சிகிச்சை தொடங்கும் அன்றே அவர் படுக்கையைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டிய சால் வீடென்றால், மூடி போட்ட யூரின் பாட் ஒன்று படுக்கையோரம் இருக்கட்டும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. இன்னொன்று: கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர், டாம்சுலோசின் சாப்பிடுவதையோ முன்பு சாப்பிட்டதையோ கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழிப் படலத்தைத் தளரச் செய்து ஆபரேஷனைச் சிக்கலாக்கும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். வேறு நோய்க்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, பகலில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடித்து, மாலை ஆறு ஏழு மணிக்குப் பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் எரியும். குறைக்க வேண்டியது கட்டிங் சாயும் ஃபில்டர் காபியும்தான். நம்மவர்களிடம் இது கொஞ்சம் கடினமான வேண்டுகோள் என்று தெரியும். நான்கை இரண்டாக்கினாலே பலன் தெரியும்.

வயிறு இளகியிருக்கும்போது தயிர்சாதம், இட்லி, வாழைப்பழம் போதும். காரமும் எண்ணெயும் பிறகு வரட்டும். பால் சேராவிட்டால் சில வாரம் நிறுத்துங்கள். அது அடங்கிய பிறகு மலச்சிக்கல் வராமல் பார்ப்பதுதான் நீண்ட கால வேலை. முக்குவது மலக்குடல் சுவருக்கு நல்லதல்ல.

படி 5: சிறுநீரோடு வாழப் பழகுவது

மூன்று மாதத்துக்குப் பிறகு நிற்கும் தொல்லை எது என்று பிரித்துப் பாருங்கள். அவசரம் ஒன்று, கசிவு ஒன்று, அடைப்பு ஒன்று. மூன்றுக்கும் மருந்து வேறு.

அவசரத்துக்கு, போகும் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாக நீட்டிப் பழக்குவது உதவும். சாலிஃபெனசின் போன்ற மாத்திரை வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும். ஞாபகமறதி தொடங்கிய பெரியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்பதால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அதே அவசரத்துக்கு மிராபெக்ரான் கொடுத்தால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கசிவுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சி. காற்றை அடக்குவது போல ஆசனவாயைச் சுற்றிய தசையை உள்ளிழுத்து ஐந்து முதல் பத்து விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள். பலன் தெரிய வாரங்கள் ஆகும்.

தாரை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தால் அது மூத்திரக் குழாய் சுருங்குவதாக இருக்கலாம். தாரையின் வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ பரிசோதனையும், போன பின் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஸ்கேனும் கேளுங்கள். "புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். கதிர் பட்ட இடத்தில் அந்த ஆபரேஷனுக்குப் பின் கட்டுப்பாடே போய்விடும் அபாயம் கூடுதல். கதிர்வீச்சு கொடுத்த குழுவை முதலில் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

மும்பையில் வீட்டை விட்டு வெளியே போவதே இவர்களுக்குப் பெரிய கேள்வி. லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. டோம்பிவ்லியிலிருந்து தாதர் வரை அடக்க முடியுமா என்ற பயத்தில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதையே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. லோக்கலின் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். ஆஸ்பத்திரிச் சான்றைப் பையிலேயே வைத்திருங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில், கழிப்பறை உள்ள ஸ்டேஷன்களைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பாதி வழியில் இறங்கி ஏறுவதில் தப்பே இல்லை. மாற்று வேட்டி அல்லது பேன்ட், இரண்டு பேட், ஒரு பிளாஸ்டிக் கவர், இவ்வளவுதான் மூட்டை. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி படிவத்தைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுதாக விலக்கு, கூட வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. தங்க இடமில்லை என்றால் ஆஸ்பத்திரியின் சமூகப்பணிப் பிரிவில் கேளுங்கள். தாதர் காட்கே மகராஜ் தர்மசாலா மாதிரி இடங்கள் இருக்கின்றன.

படி 6: மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நினைத்துவிடாதீர்கள்

நம் வீடுகளில் சிவப்பாக ஏதாவது பார்த்தால் உடனே மூல வைத்தியம்தான். பேப்பரில் விளம்பரம் பார்த்துக் கட்டுப் போடவோ, அறுக்கவோ போய்விடுவார்கள். இரண்டு முறை கதிர் பட்ட மலக்குடலில் இது மிகப் பெரிய ஆபத்து. காயம் ஆறாது. மலக்குடலுக்கும் மூத்திரப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழுந்து, மலமும் மூத்திரமும் கலந்து, வயிற்றில் பை வைக்கும் நிலை வரை போகலாம்.

செய்ய வேண்டியது, ரேடியேஷன் கொடுத்த டாக்டரிடம் முதலில் சொல்வது. குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கொலோனோஸ்கோபி தேவைப்படலாம். அப்போது குடல் டாக்டரிடம், "இங்கே இரண்டு முறை ரேடியேஷன் ஆகியிருக்கிறது, முன்சுவரில் சதை எடுக்காதீர்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். லேசான ரத்தத்துக்கு மலத்தை இளக்குவதே போதும். இல்லையென்றால் சுக்ரால்ஃபேட் எனிமா உண்டு. அதற்கும் நிற்காவிட்டால் ஆர்கான் பிளாஸ்மா என்று சுடும் முறை இருக்கிறது. மறுகதிர் பட்ட இடத்தில் அதையும் மிகக் கவனமாகத்தான் செய்வார்கள். சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ தொடர்ந்து ரத்தம் வருகிறவர்களுக்கு, அழுத்த அறைக்குள் உட்கார்ந்து தூய ஆக்சிஜன் சுவாசிக்கும் ஹைப்பர்பேரிக் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. பொதுவாக 30 முதல் 40 அமர்வு. செலவும் அலைச்சலும் உண்டு என்பதால் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் இளக்கும் எகோஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் கூடுதலாக வரும். இதய டாக்டரைக் கேட்காமல் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. அப்புறம், ஹீமோகுளோபின் பார்க்க மறக்காதீர்கள். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் ரத்தம்தான் பல நேரம் அந்தச் சோர்வுக்குக் காரணம்.

படி 7: யாரும் கேட்காத விஷயம்

இரண்டு கதிர்வீச்சு, நடுவில் ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் ஊசியும் சேர்ந்தால் விறைப்பு குறைவதும் விந்து வராமல் போவதும் வழக்கம். ஹார்மோன் ஊசி ஆசையையே அணைத்துவிடும். அது மருந்தின் வேலை. மனைவி மேல் பிரியம் போய்விட்டது என்று இருவரும் தப்பாக எடுத்துக்கொண்டு, ஒரே அறையில் பேச்சில்லாமல் இருக்கும் தம்பதிகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. 70 வயதில் இதைக் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். யூரோ டாக்டரிடம் கேட்கலாம். மாத்திரை, வெற்றிடக் குழாய், ஊசி என்று வழிகள் உண்டு. எது வேண்டும், எதுவும் வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. சில்டெனாஃபில், டடாலஃபில் மாத்திரைகளை சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட் பையில் வைத்திருக்கும் பெரியவர்கள் ஏராளம். மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது எந்த நிலையிலும் வேண்டாம்.

ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்கு எலும்பு தேயும், சதை குறையும், சர்க்கரை ஏறும், திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். நடை நல்லது, அதோடு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் வேண்டும். மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் காலை நடைக்கு அருமையான இடம்.

மனசைப் பற்றி ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடில்லை, தூக்கமில்லை, "நான் பாரம்" என்ற பேச்சு வருகிறதென்றால் அதையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

படி 8: பி.எஸ்.ஏ.யைப் பார்த்து வாழாதீர்கள்

எஸ்.பி.ஆர்.டி.க்கும் பிரேக்கிதெரபிக்கும் பிறகு, முதல் இரண்டு மூன்று வருடங்களில் பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறித் தானாக இறங்கலாம். ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துக் குடும்பமே இடிந்துபோக வேண்டாம். டாக்டர் சொன்ன இடைவெளியில், ஒரே லேபில், வரிசையாக எடுத்த எண்களைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பக்கத்திலேயே ஐ.பி.எஸ்.எஸ். மதிப்பெண்ணையும் எழுதுங்கள். ஃபாலோ-அப்பில் டாக்டர் முன் அந்த இரண்டு வரிசையும் சேர்ந்து இருக்க வேண்டும்.

படி 9: உடனே ஓட வேண்டிய நேரம்

சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால். ரத்தம் கட்டி கட்டியாக வந்தால். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால். சிறுநீரில் காற்றுக் குமிழியோ மலமோ வந்தால், ஆசனவாய் வழியாகச் சிறுநீர் கசிந்தால். அடிவயிற்று முன்னெலும்பில் நடக்கவிடாத வலி நீடித்தால். முதுகுவலியோடு கால் மரத்தோ தளர்ந்தோ போனால். இவற்றில் எதற்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

இரவு அவசரத்தில் பக்கத்து நர்சிங் ஹோமுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவீர்கள். அங்கிருப்பவருக்கு இவர் கதை தெரியாது. அதனால் ஒரு அட்டையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் யாரையாவது எழுதித் தரச் சொல்லி, லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். புராஸ்டேட்டுக்கு இரண்டு முறை கதிர்வீச்சு ஆகியிருக்கிறது, இரண்டின் தேதியும் அளவும். சிறுநீர் வெளியேற்றும் குழாயை (கத்தீட்டர்) வலிந்து செருக வேண்டாம், முடிந்தவரை யூரோ டாக்டர் போடட்டும். மலக்குடல் முன்சுவரில் பயாப்ஸி வேண்டாம். சாப்பிடும் ரத்தம் இளக்கும் மருந்து என்ன. சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரியின் ஃபைல் நம்பர், மகன் அல்லது மகளின் போன் நம்பர். அதே அட்டையின் போட்டோ வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.